மீன்தொட்டி டியூப்பும் மெஹரின் மூச்சும்

கடற்கரை ஓட்டலின் வரவேற்பறை. பளபளவென்று மொசைக் தரை. அதன் நடுவே நான் மண்டி போட்டு உட்கார்ந்து, விரல் பருமனுள்ள ஒரு பிளாஸ்டிக் டியூப்பை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கிறேன். டியூப்பின் மறுமுனை எனக்கு மேலே, இடுப்புயர மேசையில் இருக்கும் மீன்தொட்டிக்குள்.

சோபாவில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. மாமல்லபுரத்துக்குக் கல் பார்க்க வந்தவர்கள், கல்லை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இழு... இழு... இன்னும் இழு... வுடு!"

கட்டளை போடுவது மெஹர். தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு, டியூப்புக்குள் தண்ணீர் ஏறி இறங்குவதைக் கண்ணெடுக்காமல் பார்க்கிறாள். அவள் 'வுடு' என்றதும் நான் வாயை எடுத்து, டியூப் முனையை வாளிக்குள் விட வேண்டும். ஒரு நொடி தாமதித்துவிட்டேன். வாய் நிறைய மீன்தொட்டித் தண்ணீர்.

"வுடுன்னா வுடணும்டி. நீ இன்னா, எளநியா குடிக்கிற?"

துப்ப இடமில்லை. மொசைக் தரை, வெள்ளைக்காரர், காக்கிச் சட்டை வாட்ச்மேன். கன்னத்தை உப்பிக்கொண்டு வாசலுக்கு ஓடி, சவுக்கு மரத்தடி மணலில் துப்பினேன். கடல் காற்றில் பாதி என் முகத்துக்கே திரும்பி வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து சொன்னேன்: "மெஹர், ருசி மாறிப்போச்சுடி."

"ருசியா? ஒனக்கு உப்பு காரம் போட்டுத் தருவாங்களா? அடுத்த வாளிய வை."

அந்த ருசியை அன்றைக்கு இரண்டு பேருமே சட்டை செய்யவில்லை. செய்திருந்தால் இந்த வாரத்துக்கு எழுத எனக்கு எதுவும் இருந்திருக்காது.

பாய் கடைச் சாமி படங்கள்

"நடந்து நாலு மழைக்காலம்கூடப் போகவில்லை, அதற்குள் நினைவுக் குறிப்பா?" என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். எனக்கு அவசரம். மறப்பதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும். அதிலும் மெஹரைப் பற்றி எழுதுவதென்றால், அவள் அடுத்த காரியத்தில் இறங்குவதற்குள் எழுதிவிட வேண்டும்.

செங்கல்பட்டில் மெஹரின் அத்தாவுக்குக் கண்ணாடிக் கடை. ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டித் தருவார். படங்களுக்குச் சட்டம் போட்டுத் தருவார். ஊரில் பாதி வீட்டு முருகனும் லட்சுமியும் அந்த பாய் கடையில் கொஞ்ச நாள் சாய்ந்திருந்துவிட்டுத்தான் பூஜை அறைக்குப் போயிருப்பார்கள். ஆயுத பூஜை வந்தால் கடைக்குள் நிற்க இடமிருக்காது. பட்டறைக்காரர்கள், லாரிக்காரர்கள், அச்சரப்பாக்கம் அரிசி மில்காரர்கள் என்று எல்லாரும் பழைய படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "பாய், சரஸ்வதிக்குக் கண்ணாடி ஒடஞ்சிட்ச்சு. ரெண்டு நாள்ல வோணும்."

கண்ணாடி வெட்டும் கடை என்பதால் மீன்தொட்டியும் அங்கேயே உருவானது. இரும்பு ஆங்கிள் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி, மக்குப் பசை வைத்து இடுக்கை அடைப்பார்கள். முதல் தொட்டியை அத்தாதான் யாருக்கோ செய்து வைத்தார். வாங்க வேண்டியவர் வரவில்லை. சும்மா கிடந்த தொட்டியில் மெஹர் தண்ணீர் ஊற்றினாள். மெட்ராஸ் மூர் மார்க்கெட்டுக்குப் போன ஒருவரிடம் சொல்லி ஒரு ஜோடி மீன் வாங்கிவரச் செய்தாள். அவ்வளவுதான். கடைக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் தொட்டிகள் பெருகிவிட்டன.

மெஹரும் நானும் கல்லூரியில் விலங்கியல் ஒன்றாகப் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் நான் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினேன். அவள் காதுக்குப் பின்னால் கண்ணாடியில் கோடு போடும் பென்சிலைச் செருகிக்கொண்டு ஷெட்டில் உட்கார்ந்துவிட்டாள். அடக்கம் என்பது அவளிடம் கிடையாது. "நான் வெட்டின கண்ணாடி ஓரத்துல நாக்கை வெச்சிப் பாரு, ரத்தம் வராது" என்பாள். வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. ஆனால் அவள் சொன்னால் அப்படித்தான் இருக்கும்.

அந்த ஷெட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அதன் நீளச் சுவரில் ஒரு ஆணி கிடையாது. சின்ன ஊசிகூடக் குத்தக் கூடாது என்பது அத்தாவின் சட்டம். பெரிய கண்ணாடித் தகடுகள் வந்தால் சாய்த்துவைக்கிற சுவர் அது. ஆணித் தலை ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் போதும், தகடு விரிசல் விட்டுவிடும். ஊரெல்லாம் சாமி படம் மாட்ட ஆணி கொடுத்தவர், தன் சுவரில் மட்டும் அடிக்கவிட மாட்டார்.

பெருநாள்வரை கெடு

அந்த வருஷம் நோன்புப் பெருநாளும் ஆயுத பூஜையும் அடுத்தடுத்து வந்தன. நோன்பு தொடங்குவதற்கு முந்தின சாயங்காலம் அத்தா ஷெட்டு வாசலில் வந்து நின்றார்.

"மெஹரு, மெட்ராஸ்லேர்ந்து கண்ணாடி வருது. பெரிய பெரிய தகடு. எங்க வெக்கிறது?"

"கடையில வெய்ங்க."

"கடையில நான் எங்க நிக்கிறது?"

மெஹர் தொட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். ஷெட்டில் இருந்த தொட்டிகளுக்கெல்லாம் ராஜா போல ஒன்று நடுவில் இருந்தது. அதில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன்கள். உடம்பு தட்டையாக, இறக்கை மேலும் கீழும் பட்டம் மாதிரி விரிந்து, கறுப்புக் கோடு போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் நகரும். எங்கள் பக்கத்தில் யாரும் அதைக் குஞ்சு பொரிக்க வைத்ததில்லை. மெஹர் வைத்துக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். ஊரிலேயே குஞ்சு வளர்த்தால் மூர் மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம், அதை ஒரு தொழிலாகவே செய்யலாம் என்பது அவள் கணக்கு.

அத்தா அந்தத் தொட்டியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"சரி. பெருநாள் வரைக்கும் டைம். அதுக்குள்ள ஒரே ஒரு குஞ்சு தண்ணியில நீந்தினாலும் ஷெட்டு ஒன்னுது. இல்லன்னா சுவரு கண்ணாடிக்கு. பேஜாரு பண்ணக் கூடாது."

"ஒண்ணு நீந்தினா போதும்ல?"

"ஒண்ணு போதும்."

மெஹர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவ்வளவு நம்பிக்கை.

மட்டம் பார்க்கிற டியூப்

மீன் வளர்ப்பில் பாதி வேலை தண்ணீர் மாற்றுவதுதான். முழுசாகக் கொட்டி மாற்றினால் மீன் செத்துப்போகும். கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் ஊற்ற வேண்டும். எடுக்கும்போது அடியில் கிடக்கும் அழுக்கையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதற்குத்தான் டியூப்.

எங்கள் டியூப் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற டியூப். கண்ணாடி போல உள்ளே தெரியும். அப்போது கல்பாக்கம் பக்கம் அணுமின் நிலையக்காரர்களுக்குக் குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக எழும்பிக்கொண்டிருந்ததால், மெட்ராஸ் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டு இரும்புக் கடைகளில் அது சுருள் சுருளாகக் கிடைத்தது. இந்தச் சுவரில் ஒரு முனை, அந்தச் சுவரில் ஒரு முனை. நடுவில் தண்ணீர். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றால் மட்டம் சரி. எங்கள் மெஹர் அதைப் பார்த்த அன்றைக்கே, "இது மீனுக்குன்னே பண்ணது, கொத்தனாருங்களுக்குத்தான் தெரியல" என்று அறிவித்துவிட்டாள்.

அந்த ஒரே டியூப்தான் இரண்டு இடத்துக்கும். வாரத்தில் ஒரு நாள் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக, கூலிக்குத் தொட்டி சுத்தம் செய்ய மாமல்லபுரம் ஓட்டலுக்குப் போவோம். மற்ற நாள் ஷெட்டில். முதல் தடவை ஈர டியூப்பைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறியபோது கண்டக்டர் அலறினார்.

"இன்னாம்மா அது, பாம்பா?"

"மீன் தொட்டி டியூப்புங்க" என்றேன்.

"பாஸஞ்சர் மேலல்லாம் சொட்டிகினு கீது. எறங்கு, இல்ல பையில போடு."

அதிலிருந்து பிளாஸ்டிக் பை. டியூப்பைச் சுருட்டி உள்ளே வைத்து, சொட்டுக்கூட வெளியே வராதபடி வாயை இறுக்கி முடிச்சுப் போட்டுவிடுவோம். அந்த முடிச்சில் எங்களுக்கு அவ்வளவு பெருமை. கண்டக்டரே பாராட்டினார். வெயிலில் காய்ந்த பஸ்ஸில், என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில், ஈர டியூப் காற்றுப்படாமல் வேகிறது என்பது விலங்கியல் படித்த இருவருக்கும் உறைக்கவில்லை.

வாய் என்னுடையது

நோன்புக்கு முன்னால் உறிஞ்சுகிற வேலையும் மெஹருடையதுதான். ஒரே இழுப்பு. தண்ணீர் வாய்க்கு எட்டுவதற்குள் முனை வாளியில் இருக்கும். ஒரு சொட்டு அவள் உதட்டில் பட்டு நான் பார்த்ததில்லை.

நோன்பு தொடங்கியதும் டியூப்பை என்னிடம் நீட்டினாள்.

"ஒரு சொட்டு உள்ள போனா நோன்பு போச்சு. இந்த மாசம் வாய் ஒன்னுது."

"மூளை?"

"அது எப்பவும் என்னுதுதான்."

டியூப்பின் ஒரு முனையில் சிவப்பு நூல் சுற்றி, அது வாய் வைக்கிற முனை என்று அடையாளம் வைத்தோம். மீன் பக்கத்து முனையை நான் வாயில் வைத்துவிடக் கூடாது, என் முனையை மீனுக்கும் விடக் கூடாது. அப்படிச் சுத்தம் பார்த்தவர்கள் நாங்கள். இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பகலெல்லாம் வாயில் பச்சைத் தண்ணீர் படாமல் அவள் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் மாற்றுவதைப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருக்கும். சுற்றிலும் தண்ணீர். முழங்கைவரை தண்ணீர். "தாகமா இல்லையாடி?" என்று ஒரு நாள் கேட்டேன். "மீன் குடிக்கிற தண்ணியப் பாத்தா தாகம் வராதுடி, தலைவலிதான் வரும்" என்றாள்.

கசகசாவும் பஞ்சும்

நோன்பு பிறந்த சில நாளிலேயே ஏஞ்சல் ஜோடி முட்டை வைத்தது. தொட்டிக்குள் உடைந்த சிலேட்டுத் துண்டு ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தாள் மெஹர். அதன்மேல் வரிசை வரிசையாக, தேன் நிறக் கசகசாவை ஒட்டவைத்த மாதிரி முட்டைகள். ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி நின்று இறக்கையால் விசிறிக்கொண்டிருந்தன. நான் குதித்தேன். மெஹர் குதிக்கவில்லை, எனக்கு முன்னாலேயே குதித்து முடித்திருந்தாள்.

தண்ணீர் இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தினமும் கொஞ்சம் எடுத்தோம். புதுத் தண்ணீரைக் கொட்டினால் முட்டை அதிரும் என்று, அதே டியூப் வழியாக, சிலேட்டுப் பக்கத்தில் மெல்ல மெல்ல இறக்கினோம். பெற்ற தாய்கூட அவ்வளவு பதமாகப் பார்க்க மாட்டாள்.

இரண்டு நாளில் கசகசா வெள்ளையாக மாறியது. அடுத்த நாள் ஒவ்வொரு முட்டையைச் சுற்றியும் பஞ்சு. இலவம் பஞ்சைப் பிய்த்து ஒட்டின மாதிரி பூஞ்சை. தாய் மீன் அதைப் பார்த்துவிட்டு, தானே தின்றுவிட்டது.

"மொத தடவை அப்படித்தான்" என்றாள் மெஹர்.

மறுபடி முட்டை. மறுபடி பஞ்சு.  இந்தத் தடவை மெஹர் சிலேட்டை வெளியே எடுத்து வெயிலில் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடையில் அத்தா யாருக்கோ சரஸ்வதியைச் சட்டத்துக்குள் பொருத்திக்கொண்டிருந்தார். சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெருநாள் கிட்டே வந்துவிட்டது.

நான் காரணங்களாகக் கொட்டினேன். கிணற்றுத் தண்ணீர், மழைக்காற்று, மீனின் வயசு, பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டுப் போன கண் திருஷ்டி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னது: "நீ பரீட்சையிலயும் இப்படித்தான் எழுதுன. ஒரு கேள்விக்கு எல்லா பதிலும்."

பஸ்ஸில் ஒரு நாதஸ்வரம்

அந்த வாரம் மாமல்லபுரம் போனபோது ஓட்டல் தொட்டியில் ஒரு கறுப்பு மாலி மீனின் வாலில் பஞ்சு. சின்னதாக, வெள்ளையாக. மெஹர் தொட்டியில் மூக்கை ஒட்டிவைத்து வெகுநேரம் பார்த்தாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது.

திரும்பும் பஸ்ஸில் என் மடியில் முடிச்சுப் போட்ட பை. திருக்கழுக்குன்றம் வந்தது. வண்டி நின்றதும் ஆட்கள் வழக்கம்போல ஜன்னல் வழியே கழுத்தை நீட்டி மலையைப் பார்த்தார்கள். கழுகு வந்ததா, இல்லையா என்று பின்சீட்டில் ஒரே வாக்குவாதம். அந்த இரண்டு கழுகுகள் காசியிலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில் இங்கே சாப்பிட இறங்குவதாகச் சொல்வார்கள். நான் சின்ன வயசில் அதை நம்பி, அவ்வளவு தூரம் பறந்தால் கால் வலிக்காதா என்று கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

மெஹர் மலையைப் பார்க்கவில்லை.

"சுமதி, அங்க இன்னா தண்ணி?"

"போர் தண்ணி."

"இங்க?"

"கெணத்துத் தண்ணி."

"அங்க மாலி, இங்க ஏஞ்சலு. அங்க கடல் காத்து, இங்க ஏரிக் காத்து. ரெண்டுத்துலயும் ஒரே பஞ்சு. ரெண்டுத்துக்கும் நடுவுல போயி வர்றது இன்னா?"

"நாம."

"அப்பால?"

என் மடியைப் பார்த்தேன். பைக்குள் டியூப்.

"இது போன மாசமும் இருந்துச்சேடி. அப்ப ஒண்ணும் ஆவலியே" என்றேன்.

"அதான் நானும் யோசிக்கிறேன். இந்த மாசம் ருசி மாறிப்போச்சுன்னு சொன்னல்ல? எப்படி இருந்துச்சு?"

அப்போதுதான் நானும் சரியாக யோசித்தேன். மழைக்காலத்தில் பெட்டியில் மடித்து வைத்த துணியை எடுத்தால் ஒரு வாடை வருமே, அது நாக்கில் பட்ட மாதிரி. சொன்னேன்.

மெஹர் கண்ணை மூடினாள். சீட்டில் நேராக உட்கார்ந்து, போன மாதம்வரை தான் எப்படித் தண்ணீர் மாற்றுவாள் என்று வெறுங்கையால் செய்து பார்க்கத் தொடங்கினாள். டியூப்பைத் தொட்டிக்குள் விடுகிறாள். உறிஞ்சுகிற பாவனை. வாளியில் விடுகிறாள். அழுக்கு எடுக்கிறாள். டியூப்பைத் தூக்குகிறாள். அப்புறம் அவள் கை தானாக மேலே வந்தது. இல்லாத டியூப்பை உதட்டில் வைத்து, கன்னம் இரண்டையும் உப்பி...

அப்படியே நின்றுவிட்டாள். கண் திறந்தது.

"நான் ஊதுவேன்" என்றாள்.

"இன்னாது?"

"வேலை முடிஞ்சா நான் ஊதுவேன்டி! முழு மூச்சு. உள்ள இருக்கிற தண்ணியல்லாம் அந்தப் பக்கம் போயிடும். எனக்கே தெரியாம செஞ்சிகினு இருந்திருக்கேன். இந்த மாசம் வாயைக் கிட்டக் கொண்டுபோவல. நீ இழுத்த, வுட்ட. ஊதல. ஊதணும்னு ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது!"

கண்டக்டர் டிக்கெட் கட்டோடு எங்கள் சீட்டருகே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"இன்னாம்மா, கண்ணாலத்துக்குப் போறீங்களா? நாதஸ்வரம்லாம் பலமா கீது."

நான் சிரித்துச் சிரித்துப் பையைக் கீழே போட்டேன். ஆனால் உள்ளுக்குள் சிலிர்த்துக்கொண்டிருந்தது. மற்றவர் செய்கிற தப்பைக் கண்டுபிடிக்கப் புத்தி போதும். தான் செய்வதே தெரியாமல் செய்துவந்த சரியைக் கண்டுபிடிப்பதற்கு என்ன வேண்டும்? எனக்கு இன்றைக்கும் அதற்குப் பெயர் தெரியவில்லை. மெஹரிடம் அது இருந்தது.

நூல் போன வழி

ஷெட்டுக்கு வந்ததும் பையைப் பிரித்தோம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கண்ணாடி போலிருந்த டியூப் உள்பக்கம் மங்கலாக, வழவழவென்று. வளைவுகளில் கறுப்புப் புள்ளிகள். தினமும் தொட்ட பொருள்தான். வேலை நேரத்தில் தண்ணீர் நிறைந்தும் மற்ற நேரம் சுருண்டும் இருந்ததால் யாரும் வெளிச்சத்தில் நீட்டிப் பார்க்கவில்லை.

"தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்" என்றேன்.

"புதுசும் ஒரு மாசத்துல பழசாவும். கழுவக் கத்துக்கலாம்."

சொல்வது சுலபம். இரண்டு மூன்று கை நீளமுள்ள, விரல்கூட நுழையாத குழாயை உள்ளே எப்படித் தேய்ப்பது? கம்பி விட்டால் கீறிவிடும், கீறலில் அழுக்கு இன்னும் சுகமாக உட்காரும். சைக்கிள் கடைக்காரர் காற்றடித்துத் தருவதாகச் சொன்னார். தண்ணீர் போகும், வழவழப்பு போகாது.

மெஹர் கொஞ்ச நேரம் டியூப்பையே பார்த்தாள். பிறகு உள்ளே ஓடிப்போய்த் தையல் நூல்கண்டும் ஒரு சிட்டிகைப் பஞ்சும் கொண்டுவந்தாள். நூல் நுனியில் பஞ்சைச் சின்ன உருண்டையாகக் கட்டினாள். ஒரு வாளியில் தண்ணீர் வைத்து மேசைமேல் ஏற்றினாள். டியூப்பை முழுசாக அந்த வாளித் தண்ணீருக்குள் அமுக்கி, காற்றெல்லாம் குமிழ் குமிழாகப் போனதும், ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து வெளியே இழுத்துக் கீழே தொங்கவிட்டாள். விரலை எடுத்தாள். தண்ணீர் கொட்டியது. வாயே வைக்கவில்லை!

"அடிப்பாவி, இப்படியே செஞ்சிருக்கலாமே, என்னை எதுக்குடி மாசம் பூரா குடிக்க வெச்ச?"

"இப்பத்தான் தோணிச்சு. நூலப் புடி."

பஞ்சு உருண்டையை வாளிக்குள் இருந்த முனையிடம் கொண்டுபோனாள். ஓடுகிற தண்ணீர் அதை 'லபக்' என்று உள்ளே இழுத்துக்கொண்டது. நூல்கண்டு என் கையில் சுழன்றது. வளைவில் தயங்கி, மறுபடி ஓடி, பஞ்சு அந்தப் பக்கம் கீழ் வாளியில் வந்து விழுந்தது. எந்தத் தண்ணீரால் அழுக்கானதோ, அதே தண்ணீரையே கூலியாளாக வைத்து நூலை அனுப்பிவிட்டாள்.

அதற்கப்புறம் எல்லாம் எளிது. நூலில் சணல் கயிறு, கயிற்றில் முரட்டுக் காடாத் துணியின் முடிச்சு. டியூப்புக்குள் கல் உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டு, நான் ஒரு முனையைப் பிடிக்க, அவள் இழுத்தாள். கிணற்றில் தண்ணீர் இறைப்பது போல இழுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்த துணியில் ஒரு கறும்பச்சைக் கூழ். அந்த வாடை வந்ததும் என் நாக்குக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் வாய் கொப்பளித்தேன். மெஹர் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

"நோன்பு எனக்கா ஒனக்கான்னு அல்லாவுக்கே சந்தேகம் வந்திருக்கும்டி!"

துணி வெள்ளையாக வரும்வரை இழுத்தோம். உப்புக் கரிப்பும் புளிப்பும் போகிறவரை அலசினோம்.

சைக்கிள் ரிம்

கழுவுவதைவிட முக்கியம் காயவைப்பது என்றாள் மெஹர். வெயிலில் போட்டால் டியூப் மஞ்சளாகி விறைத்துவிடும். சுருட்டினால் அடிவளைவில் தண்ணீர் தேங்கும். கயிற்றின்மேல் போட்டால் மடிந்து அடைத்துக்கொள்ளும். இரண்டு முனையும் கீழே பார்க்க, நடுவில் மடியாமல் வளைந்து தொங்க வேண்டும்.

பக்கத்து சைக்கிள் கடையில் கம்பி இல்லாத பழைய ரிம் ஒன்று கிடந்தது. அதன் பள்ளத்தில் டியூப் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. ஆனால் மாட்டுவது எங்கே? நிழலும் காற்றும் சேர்ந்து கிடைப்பது அந்த நீளச் சுவரில்தான். அங்கே ஆணி அடிக்க முடியாது. கூரைக் கட்டையிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டோம். காற்றடித்தால் ரிம் சுழலும், டியூப் நழுவி விழும். எடுத்து மறுபடி மாட்டுவோம். எப்படியோ காய்ந்தது. இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் நான் ஊதித்தான் மாட்டுவேன்; அத்தா கடையிலிருந்து பார்ப்பார்.

பஸ்ஸுக்குப் பிளாஸ்டிக் பை போய்த் துணிப் பை வந்தது. "இன்னா, பாம்பு துணி மாத்திகிச்சா?" என்றார் கண்டக்டர்.

ஏஞ்சல் ஜோடி மூன்றாவது முறை முட்டை வைத்தபோது பெருநாளுக்குச் சில நாள்தான் இருந்தது. நாங்கள் வேறெதையும் மாற்றவில்லை. அதே கிணறு, அதே சிலேட்டு, அதே பதம். டியூப் மட்டும் சுத்தம். ஒன்றிரண்டு முட்டை வெளுத்தது. மற்றவை தேன் நிறத்திலேயே நின்றன. பூஞ்சைக்கு டியூப்தான் காரணம் என்று சத்தியம் செய்ய என் படிப்புக்கு அதிகாரம் இல்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பெருநாள் காலை

பெருநாளன்று காலையிலேயே போய்விட்டேன். தெருவெல்லாம் அத்தர் வாசம். மெஹர் பச்சைத் தாவணியும் தலையில் முக்காடுமாக, புதுத் துணியில் தண்ணீர் படாமல் தொட்டி முன்னால் குந்தியிருந்தாள்.

சிலேட்டில் முட்டைகள் இல்லை. அந்த இடத்தில் சின்னச் சின்ன வால்கள். தலை சிலேட்டில் ஒட்டியிருக்க, வால் மட்டும் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் முழுக்கக் காற்புள்ளி போட்டு, அத்தனைக்கும் உயிர் வந்த மாதிரி.

"பொரிஞ்சிடுச்சுடி!" என்று கத்தினேன்.

"ஆனா நீந்தலை" என்றாள் மெஹர். "இன்னும் ரெண்டு மூணு நாள் ஆவும்."

அப்போதுதான் எனக்கு அத்தாவின் கெடு ஞாபகம் வந்தது.

தொழுகை முடிந்து அத்தா நேராக ஷெட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. தொட்டிமுன் குனிந்தார். கண்ணாடியிலேயே வாழ்ந்தவர். எந்தக் கண்ணாடிக்குப் பின்னால் எது இருந்தாலும் உடனே பார்த்துவிடுகிற கண் அவருக்கு.

"இதா?"

"இதான் அத்தா."

"நீந்துதா?"

நான் குறுக்கே விழுந்தேன். "மாமா, அது கிட்டத்தட்ட..."

"இல்ல அத்தா" என்றாள் மெஹர். "நீந்தல. வாலை மட்டும் ஆட்டுது."

அவள் கையைக் கிள்ளினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அவளை நினைத்தால் முதலில் வருவது பஸ்ஸில் ஊதிக் காட்டிய முகம் இல்லை. 'நீந்தல' என்று சொன்ன இந்த முகம்தான்.

அத்தா நிமிர்ந்தார். கூரையிலிருந்து கயிற்றில் தொங்கிய ரிம்மைப் பார்த்தார். அது மெல்லச் சுழன்றது. டியூப் ஒரு பக்கம் நழுவிக்கொண்டிருந்தது. திரும்பி வெளியே போய்விட்டார்.

மெஹர் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்குள்ளிருந்து பிரியாணி தம் பிரிக்கிற வாசனை வந்தது. எனக்கு அழுகை வந்தது. தொட்டிகளை எங்கள் வீட்டுப் பின்கட்டில் வைக்கலாமா, அப்பா விடுவாரா என்று மனம் அதற்குள் ஓடிப்போய்விட்டது.

"தள்ளு."

அத்தா. ஒரு கையில் சுத்தியல். வாயில் கடித்திருந்தது ஒரு நீள ஆணி.

எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து, நீளச் சுவரில் கையால் தடவிக் காரை கெட்டியாக இருக்கும் இடத்தைப் பார்த்தார். வாயிலிருந்து ஆணியை எடுத்து வைத்தார். அடித்தார். சுண்ணாம்பு உதிர்ந்து புதுச் சட்டையில் விழுந்தது. மறுபடி அடித்தார். அந்தச் சத்தத்தில் கடைக்குள் சாய்ந்திருந்த சாமி படங்களின் கண்ணாடியெல்லாம் அதிர்ந்திருக்கும்.

கயிற்றை அறுத்து, ரிம்மை எடுத்து ஆணியில் மாட்டினார். அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"கயித்துல தொங்கவுட்டா ஆடாம இன்னா பண்ணும்?" என்றார். பிறகு கீழே விழுந்து கிடந்த டியூப்பை எடுத்து, சிவப்பு நூல் சுற்றிய முனையைப் பார்த்து மகளிடம் நீட்டினார். "இன்னா நின்னுகினு கீற? நோன்புதான் முடிஞ்சிட்ச்சே. ஊதி மாட்டு."

டியூப் முந்தின நாளே காய்ந்துவிட்டது. அது மெஹருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் வாங்கி, உதட்டில் வைத்து, கன்னம் இரண்டையும் உப்பி, ஒரு மாதம் பிடித்து வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து ஊதினாள்.

மறுமுனையிலிருந்து ஒரு சொட்டுகூட வரவில்லை. காற்று மட்டும் வந்து, அத்தாவின் சட்டையில் இருந்த சுண்ணாம்புத் தூளைப் பறக்கவிட்டது.